கடவுளின் ஞானத்துக்கு அளவில்லை என்றால் என்ன பொருள்?

"கடவுளுக்கு எல்லாமே முன்கூட்டித் தெரியும் என்றால் நான் எதற்கு ஜெபிக்க வேண்டும்?" திருகோணமலையில் ஞாயிறு பாடசாலை நடத்துகிற எவரும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. தரம் 9, 10இல் படிக்கிற பிள்ளைகள் நேராகக் கேட்டுவிடுவார்கள். பெரியவர்களுக்கும் அதே கேள்வி உண்டு. சபையில் எல்லாருக்கும் முன்னால் கேட்கக் கூச்சப்பட்டு மனதுக்குள்ளே வைத்திருப்பார்கள். இந்தக் கேள்விக்குப் பின்னால் நிற்பது, கடவுளின் ஞானம் அளவில்லாதது என்கிற மிகப் பழைய கருத்து. பாட்டில் பாடுகிறோம், ஜெபத்தில் சொல்கிறோம். அது என்ன என்று யாரும் உட்கார்ந்து நமக்கு விளக்கியது குறைவு. வேதாகமத்தை இப்போதுதான் திறக்கத் தொடங்கியிருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். அதில் இருக்கும் வசனங்களை நம்முடைய சபைகளில் வழங்குகிற பழைய மொழிபெயர்ப்பிலிருந்தே தருகிறேன். கத்தோலிக்க நண்பர்களின் திருவிவிலியத்தில் சொற்கள் கொஞ்சம் மாறியிருக்கும், பொருள் மாறாது.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிடுவோம். எல்லாம் தெரிந்திருப்பது வேறு, ஞானம் வேறு. கொட்டியாரக் குடாவில் வள்ளம் தள்ளுகிற ஒரு தகப்பனையும் மகனையும் எடுத்துக்கொள்ளுங்கள். காலநிலை அறிக்கை இரண்டு பேருடைய போனிலும் ஒன்றுதான். காற்று என்ன வேகம், மழை எந்த நேரம் என்பது இருவருக்கும் தெரியும். இன்றைக்கு வள்ளத்தை இறக்கலாமா, இறக்கினால் எந்தப் பக்கம் போவது, காய்ச்சல் விட்டு எழும்பியிருக்கிற பொடியனை வீட்டிலே நிற்கச் சொல்வதா என்பதைத் தகப்பன்தான் சொல்வார். நல்லது எது என்று காண்பது, அதற்குப் போகும் வழியையும் அறிவது, கூட இருக்கிறவர்கள் மேல் அக்கறையோடு முடிவெடுப்பது, இவை சேர்ந்ததுதான் ஞானம்.

வேதாகமம் கடவுளைப் பற்றிப் பேசும்போது இவற்றைப் பிரிப்பதே இல்லை. இது முக்கியம். எல்லாம் தெரிந்தும் அன்பில்லாத ஒருவர் இருந்தால் அவரைப் பார்த்துப் பயப்படத்தான் முடியும், நம்ப முடியாது.

சங்கீதம் 147:5 இப்படிச் சொல்கிறது: "நம்முடைய ஆண்டவர் பெரியவரும் மகா பெலமுள்ளவருமாயிருக்கிறார், அவருடைய அறிவு அளவில்லாதது." இதை மட்டும் எடுத்துச் சுவரில் மாட்டிவிடுவது வழக்கம். அதற்கு முந்தின இரண்டு வசனங்களையும் சேர்த்து வாசியுங்கள். மூன்றாம் வசனம், இருதயம் நொறுங்குண்டவர்களைக் குணமாக்கி அவர்களுடைய காயங்களைக் கட்டுகிறார் என்கிறது. நான்காம் வசனம், நட்சத்திரங்களை எண்ணி ஒவ்வொன்றுக்கும் பேரிட்டு அழைக்கிறார் என்கிறது. இவற்றுக்குப் பிறகுதான் அளவில்லாத அறிவு வருகிறது. நட்சத்திரத்தின் பெயர் தெரிந்தவருக்கு, காயத்துக்கு எப்படிக் கட்டுப்போடுவது என்பதும் தெரியும். சங்கீதக்காரன் அறிவின் அளவைச் சொன்ன இடத்திலேயே அது எதற்காகப் பயன்படுகிறது என்பதையும் சொல்லிவிட்டான்.

இந்தக் கருத்து கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்பது திருகோணமலையில் வளர்ந்த யாருக்கும் சொல்லாமலே தெரியும். கோணேசர் கோயிலுக்குப் போகிற சைவ நண்பர்களைக் கேட்டால் இறைவனுடைய எட்டுக் குணங்களில் முற்றும் உணர்தல் ஒன்று என்பார்கள். திருவள்ளுவர் தம் இரண்டாவது குறளிலேயே கடவுளை வாலறிவன் என்று அழைத்துவிட்டார். கிண்ணியாவிலோ மூதூரிலோ உள்ள முஸ்லிம் நண்பர்கள், அல்லாஹ்வின் அழகிய பெயர்களில் எல்லாம் அறிந்தவன் என்று பொருள்படும் அலீம் என்பதையும், ஞானமிக்கவன் என்று பொருள்படும் ஹகீம் என்பதையும் சொல்வார்கள். குர்ஆனின் 18ஆவது அத்தியாயத்தில், இறைவனுடைய வார்த்தைகளை எழுதக் கடல் முழுவதும் மையாக இருந்தாலும், அந்த வார்த்தைகள் முடிவதற்கு முன் கடல் தீர்ந்துவிடும் என்று ஒரு வசனம் இருக்கிறது. கடலைப் பார்த்துக்கொண்டே வாழ்கிற நமக்கு அது எவ்வளவு பெரிய சொல் என்று விளங்கும். நம்முடைய சமயங்கள் ஒன்றல்ல, ஒன்று என்று சொல்லி யாரையும் சமாளிக்கவும் நான் விரும்பவில்லை. ஆனால் கடவுளுக்குத் தெரிந்தது நமக்குத் தெரிந்ததைவிடப் பெரிது என்ற இடத்தில் நாம் எல்லாரும் தலை குனிகிறோம். சரி, இனி எனக்குப் பழக்கமான வேதாகமத்துக்குள் போகிறேன்.

படைப்பில் தெரியும் ஞானம்

இதுதான் எளிதான பகுதி, அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். சங்கீதம் 104இல் மலையாடுகள், நாரைகள், குழிமுசல்கள், சிங்கக்குட்டிகள், ஆறுகள் என்று வரிசையாகப் பாடிக்கொண்டு வந்தவர் 24ஆம் வசனத்தில் நின்றுவிடுகிறார்: "கர்த்தாவே, உமது கிரியைகள் எவ்வளவு திரளாயிருக்கிறது! அவைகளையெல்லாம் ஞானமாய்ப் படைத்தீர்." அடுத்து அவர் கண் போவது கடலுக்கு. அதில் எண்ணிறந்த ஜீவன்கள், அதில் ஓடும் கப்பல்கள், அதில் விளையாடும்படி கடவுள் உண்டாக்கின லிவியாதான் என்கிற பெரிய கடல் விலங்கு.

விளையாடும்படி! உப்புவெளியிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் படகில் போய்த் திமிங்கிலம் பார்த்தவர்களுக்கு அந்த ஒரு சொல் போதும். நம்முடைய துறைமுகத்துக்கு வெளியே கடலடியில் பெரும் பள்ளத்தாக்கு ஒன்று இறங்குகிறது. மகாவலி வந்து விழுகிற கொட்டியாரக் குடாவிலிருந்தே அது தொடங்குகிறது. கரைக்குக் கிட்டவே அவ்வளவு ஆழம் இருப்பதால்தான் உலகத்தின் மிகப் பெரிய விலங்கான நீலத் திமிங்கிலத்தை இங்கே கரையிலிருந்து அதிக தூரம் போகாமலே பார்க்க முடிகிறது. மனிதனுக்கு ஒரு பயனும் தராமல், யாரும் பாராத ஆழத்தில் ஒன்று விளையாடிக்கொண்டிருப்பதும் ஞானத்தின் வேலைதான் என்கிறது சங்கீதம். நீதிமொழிகள் 8இல் ஞானமே ஒரு பெண்ணைப்போல் நம்மோடு பேசுகிறது. படைப்பின் நேரத்தில் கடவுளின் அருகே தான் செல்லப்பிள்ளையாய் மகிழ்ந்திருந்ததாகச் சொல்கிறது. உலகத்தைப் படைத்த ஞானத்தில் கணக்கு மட்டும் இருக்கவில்லை, சந்தோஷமும் இருந்தது.

என்னைக் காண்கிறவர்

அளவில்லாத அறிவு என்றதும் சிலருக்கு ஒரு பயம் வரும். என் மனதில் ஓடுகிற எல்லாவற்றையும் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறாரா? சங்கீதம் 139 எழுதியவருக்கும் அந்தப் பயம் இருந்திருக்கிறது. "என் நாவில் சொல் பிறவாததற்குமுன்னே, இதோ, கர்த்தாவே, அதையெல்லாம் நீர் அறிந்திருக்கிறீர்" என்று சொல்லிவிட்டு, உம்முடைய சமுகத்தை விட்டு எங்கே ஓடுவேன் என்று கேட்கிறார். போகப்போக அந்தப் பயம் இளகுகிறது. கடலின் கடையாந்தரத்துக்குப் போனாலும் அங்கேயும் உமது கை என்னை நடத்தும் என்று முடிக்கிறார். பிடிப்பதற்கு வரும் கை என்று நினைத்தது நடத்துகிற கையாக இருந்தது.

இதைவிட எனக்கு நெருக்கமான கதை ஆகாருடையது. ஆதியாகமம் 16. ஆகார் எகிப்துக்காரி, ஆபிராமின் மனைவி சாராயின் வீட்டு வேலைக்காரி. எஜமானியின் கொடுமை தாங்காமல், வயிற்றில் பிள்ளையோடு வனாந்தரத்துக்கு ஓடிப்போகிறாள். அங்கே ஒரு நீரூற்றின் அருகே கர்த்தருடைய தூதனானவர் அவளைக் கண்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டு, எங்கேயிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று விசாரிக்கிறார். அந்த அத்தியாயம் முழுவதும் ஆபிராமும் சாராயும் அவளைப் பேர் சொல்லி அழைத்ததே இல்லை. அவர்கள் வாயில் அவள் "அடிமைப்பெண்" மட்டும்தான். அவள் கடவுளுக்கு ஒரு பெயர் வைக்கிறாள்: "நீர் என்னைக் காண்கிற தேவன்." வேதாகமத்தில் கடவுளுக்குப் பெயரிட்டவளாக நாம் சந்திக்கிற முதல் ஆள் ராஜாவோ தீர்க்கதரிசியோ அல்ல, ஓடிப்போன ஒரு வேலைக்காரி.

அந்த இடத்தில் அவளைத் திரும்பிப் போகச் சொல்லியிருப்பது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. அதை மெழுகிவிட எனக்கு மனமில்லை. ஆனாலும் குவைத்திலும் ரியாத்திலும் அடுத்தவர் வீட்டில் வேலை செய்கிற நம் ஊர்ப் பெண்கள் எத்தனை பேர்! அவர்களில் ஒருத்தி இரவில் போனை நிறுத்திவிட்டுப் படுக்கும்போது கடவுளின் அளவில்லாத அறிவைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன என்று என்னைக் கேட்டால், ஆகாரைத்தான் சொல்வேன். யாரும் பாராத சமையலறையில் நடப்பது அவருக்குத் தெரியும். உன் பெயரும் தெரியும்.

யோபுவும் நம்முடைய கடலும்

இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று போவோம். ஏனென்றால் அளவில்லாத ஞானம் என்ற கருத்து அதிகம் தவறாகப் பயன்படுவது இங்கேதான்.

யோபு நல்லவன். ஒரே நாளில் சொத்தெல்லாம் போகிறது. பெருங்காற்றில் வீடு இடிந்து பத்துப் பிள்ளைகளும் இறந்துபோகிறார்கள். பிறகு உடம்பெல்லாம் பருக்கள். மூன்று நண்பர்கள் வருகிறார்கள். வந்தவுடன் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருக்கிறார்கள். அவர்கள் செய்த ஆக நல்ல காரியம் அதுதான். அதன் பிறகு பேசத் தொடங்குகிறார்கள், அதோடு எல்லாம் கெட்டுப்போகிறது. கடவுள் நீதியுள்ளவர், அவருக்கு எல்லாம் தெரியும், ஆகவே நீ ஏதோ செய்திருக்கிறாய் என்பதுதான் அவர்களுடைய வாதத்தின் சாரம். சோப்பார் என்பவன் 11ஆம் அதிகாரத்தில் கடவுளுடைய ஞானத்தின் ஆழத்தை மிக அழகாகவே பேசுகிறான். வானபரியந்தம் உயர்ந்தது, பாதாளத்திலும் ஆழமானது, சமுத்திரத்திலும் அகலமானது என்கிறான். ஒவ்வொரு சொல்லும் உண்மை. அந்த உண்மையைத் தூக்கி, பிள்ளைகளைப் புதைத்த தகப்பன் மேல் எறிகிறான்.

38ஆம் அதிகாரத்தில் கடவுள் பெருங்காற்றிலிருந்து பேசத் தொடங்குகிறார். ஏன் இப்படி நடந்தது என்று சொல்வதில்லை. கேள்விகள்தான் கேட்கிறார். "நான் பூமியை அஸ்திபாரப்படுத்துகிறபோது நீ எங்கேயிருந்தாய்?" சமுத்திரத்தின் அடித்தலங்கள் மட்டும் நீ போயிருக்கிறாயா? பனியைப் பெற்றவர் யார்? காட்டு ஆடு ஈனும் காலம் உனக்குத் தெரியுமா? அதற்கு நடுவே கடலைப் பார்த்து அவர் சொன்ன ஒரு கட்டளையும் இருக்கிறது: "இம்மட்டும் வா, மிஞ்சி வராதே."

திருகோணமலையில் இருந்துகொண்டு இந்த வசனத்தைத் தடுமாறாமல் வாசிக்க முடியாது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, நத்தாருக்கு அடுத்த நாள். சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் பிளந்து, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் நம்முடைய கிழக்குக் கரைக்கு அலை வந்தது. இலங்கையில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கடல் மிஞ்சி வந்தது. ஆராதனைக்குப் போயிருந்தவர்கள் வீட்டுக்குத் திரும்பிப் பார்த்தபோது வீடு இல்லை. அதன் பிறகு இந்த வசனத்தை என்ன செய்வது?

கடல் திரும்பித் தன் இடத்துக்கே போய்விட்டதே, அதுதான் கடவுள் வைத்த எல்லை என்று சிலர் பதில் சொல்வார்கள். உலகத்தின் அமைப்பைப் பற்றிய வசனம் என்ற அளவில் அது சரியான வாசிப்புத்தான். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு அம்மாவுக்கு அதைப் பதிலாகக் கொடுக்க என்னால் முடியாது. அப்போது வேறு சிலர், இது பாவத்துக்கு வந்த தண்டனை என்றும் பேசினார்கள். இயேசுவிடமும் ஒருமுறை இதே மாதிரிப் பேச்சு வந்தது. லூக்கா 13இல், சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததை அவரே எடுத்துச் சொல்லி, அவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, அப்படியல்ல என்று அவரே அறுத்துச் சொல்லிவிட்டார். அதன் பிறகும் தண்டனைக் கணக்குப் போடுகிறவர்கள் யாருடைய பெயரால் பேசுகிறார்கள்?

யோபின் புத்தகத்தில் பலர் வாசிக்காமல் விட்டுவிடுகிற வசனம் 42:7. கடவுள் அந்த நண்பர்களைப் பார்த்து, என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கோபப்படுகிறார். யோசித்துப் பாருங்கள். அதிகாரம் அதிகாரமாகக் கடவுளோடு வழக்காடியவன், நான் பிறந்த நாள் அழிந்துபோகட்டும் என்றவன், சரியாகப் பேசியவனாகிறான். கடவுளுக்காக வாதாடியவர்கள் தவறாகப் பேசியவர்களாகிறார்கள். அவர்களுக்காக ஜெபிக்கும் வேலையும் யோபின் மேல்தான் விழுகிறது.

நான் இந்தக் கட்டுரையில் சொல்ல விரும்புவது இதுதான். கடவுளுடைய ஞானம் அளவில்லாதது என்றால், அதை என் கையில் எடுத்து இன்னொருவருடைய துக்கத்துக்கு விளக்கம் சொல்ல எனக்கு உரிமை கிடைத்துவிட்டது என்று பொருளல்ல. நேர் எதிர். அவருடைய ஞானம் அளவில்லாதது, என்னுடையது அளவுள்ளது, ஆகவே எனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு பக்கத்தில் உட்கார எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. செத்தவீட்டில் "எல்லாம் தேவசித்தம்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போவது சுலபம். போரிலும் கடலிலும் இவ்வளவு இழந்த ஊரில் அந்தச் சொல்லை நாம் மிகவும் மெதுவாகத்தான் எடுக்க வேண்டும். துக்கப்படுகிறவர் தானே அதைச் சொன்னால் அது விசுவாசம். அவருக்கு நாம் சொன்னால் பல நேரம் அது வாயடைப்பு.

யோபு கடைசியில் ஆறுதலடைந்தானா? காரணம் அவனுக்குச் சொல்லப்படவே இல்லை. முதல் இரண்டு அதிகாரங்களில் பரலோகத்தில் நடந்ததாக நாம் வாசிக்கிறவை அவனுக்குக் கடைசிவரை தெரியாது. அவன் சொல்வது வேறு: "என் காதினால் உம்மைக்குறித்துக் கேள்விப்பட்டேன், இப்பொழுதோ என் கண் உம்மைக் காண்கிறது." பதில் கிடைக்கவில்லை, பதில் சொல்ல வேண்டியவர் வந்து நின்றார். அது எல்லாருக்கும் போதுமா என்று நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். யோபுவுக்குப் போதுமாயிருந்தது.

பவுலும் சிலுவையும்

"ஆ! தேவனுடைய ஐசுவரியம், ஞானம், அறிவு என்பவைகளின் ஆழம் எவ்வளவாயிருக்கிறது!" ரோமர் 11:33. இந்த வசனத்தைக் கேள்வி கேட்கிறவர்களை நிறுத்தப் பயன்படுத்துவார்கள். கடவுளுடைய வழிகள் ஆராய முடியாதவை, ஆகவே ஆராயாதே என்று. அதை எழுதிய அப்போஸ்தலர் பவுல் அப்படியா செய்தார்? 9ஆம் அதிகாரத்தைத் தொடங்கும்போதே தன் சொந்த ஜனங்களாகிய யூதரை நினைத்து மிகுந்த துக்கமும் இடைவிடாத மனவேதனையும் இருக்கிறது என்கிறார். மூன்று அதிகாரங்கள் கேள்வி மேல் கேள்வி கேட்கிறார், பழைய வேதத்தைப் புரட்டுகிறார், தானே தடை சொல்லித் தானே பதில் தேடுகிறார். அந்த "ஆ!" வருவது இத்தனைக்கும் பிறகு. கேட்டுக் கேட்டு, கேள்வியின் எல்லைக்குப் போனவருடைய வியப்பு அது.

அதே பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது இன்னும் வியப்பான ஒன்றைச் சொல்கிறார். கடவுளுடைய ஞானம் எங்கே வெளிப்பட்டது? ரோம அரசு அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் கொடுத்த மரணத்தில், சிலுவையில். "தேவனுடைய பைத்தியம் என்னப்படுவது மனுஷருடைய ஞானத்திலும் அதிக ஞானமாயிருக்கிறது." கிறிஸ்தவ விசுவாசத்தின் நடு இடம் இது. எல்லாம் அறிந்தவர் மேலே இருந்து நம்முடைய வேதனையை அளந்துகொண்டிருக்கவில்லை, அதற்குள் இறங்கினார். யோபு கேட்ட கேள்வியைச் சிலுவையில் இயேசுவும் கேட்டார்: என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்? இதை ஏற்காத நண்பர்கள் நமக்கு உண்டு, அவர்களோடு சண்டை இல்லை. ஆனால் கிறிஸ்தவர் ஒருவர் கடவுளின் ஞானத்தைப் பற்றிப் பேசும்போது சிலுவையை விட்டுவிட்டுப் பேசினால், பாதியைத்தான் பேசுகிறார்.

நாளாந்த வாழ்க்கையில்

முதல் கேள்விக்கு வருவோம். அவருக்குத் தெரிந்ததைப் பிறகேன் கேட்க வேண்டும்? மத்தேயு 6:8இல் இயேசு, நீங்கள் கேட்பதற்கு முன்னமே உங்களுக்கு இன்னது தேவை என்று பிதா அறிந்திருக்கிறார் என்கிறார். அப்படியானால் ஜெபிக்க வேண்டாம் என்றுதானே அடுத்து வரவேண்டும்? அடுத்த வசனத்தில்தான் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்ற ஜெபத்தைச் சொல்லித் தருகிறார். அவருக்குத் தெரியும் என்பது ஜெபத்தைச் சுருக்கமாக்குகிறது, நிறுத்தவில்லை. கடவுளுக்குச் செய்தி சொல்ல வேண்டிய அவசியம் இல்லாததால் அலப்பத் தேவையில்லை, அழகான சொற்களால் அவரை வளைக்கத் தேவையில்லை. ரொட்டி வேண்டும், மன்னிப்பு வேண்டும், தீமையிலிருந்து காப்பாற்றும் என்று பிள்ளை கேட்பதுபோல் கேட்டால் போதும்.

அப்புறம் ஞானத்தைக் கேட்பது. யாக்கோபு 1:5, ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கட்டும், அவர் யாவருக்கும் சம்பூரணமாய்க் கொடுக்கிறவர், ஒருவரையும் கடிந்துகொள்ளாதவர் என்கிறது. இதிலே எனக்குப் பிடித்தது கடிந்துகொள்ளாதவர் என்பது. இது கூடவா தெரியாது என்று அவர் கேட்கமாட்டார். சாலொமோன் ராஜாவும் கிபியோனில் கனவிலே ஆயுளையும் செல்வத்தையும் விட்டு இதைத்தான் கேட்டான், பெற்றான். ஆனால் பிற்காலத்தில் வழி தவறினான். மனிதனுக்குக் கிடைக்கும் ஞானம் ஒருதரம் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்ளும் சாமான் அல்ல, தினமும் கேட்டு வாங்க வேண்டியது.

கேட்டால் எப்படி வரும்? வானத்திலிருந்து குரல் கேட்கும் என்று காத்திருக்க வேண்டாம். நீதிமொழிகள் 11:14, ஆலோசனைக்காரர் பலர் இருந்தால் சுகம் உண்டாகும் என்கிறது. கட்டாருக்கு வேலைக்குப் போக ஒரு ஏஜென்சி கூப்பிடுகிறது என்று வையுங்கள். ஜெபியுங்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அந்த ஏஜென்சி பதிவு செய்யப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கே ஏற்கெனவே வேலை செய்கிறவரோடு கதையுங்கள், ஒப்பந்தத்தை வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். ஜெபித்துவிட்டேன், இனி விசாரிக்கத் தேவையில்லை என்பது விசுவாசம்போல் தோன்றும். கடவுள் அந்த ஜெபத்துக்குக் கொடுக்கிற பதிலே அந்த விசாரிப்பில்தான் இருக்கலாம். மகளுக்கு உயர்தரத்தில் எந்தப் பிரிவு என்பதும், அப்பாவுக்குச் சத்திரசிகிச்சை செய்வதா என்பதும் அப்படித்தான்.

வந்தது மேலிருந்து வந்த ஞானமா, என்னுடைய பிடிவாதமா என்று எப்படித் தெரியும்? யாக்கோபு 3:17 ஒரு அளவுகோல் தருகிறது. அது சுத்தமானது, சமாதானமுள்ளது, சாந்தமானது, இணக்கமுள்ளது, இரக்கம் நிறைந்தது, பட்சபாதம் இல்லாதது, மாயமற்றது. "கடவுள் எனக்குச் சொன்னார்" என்று யாராவது வந்து, அந்தச் சொல்லால் ஒருவரை மிரட்டினாலோ ஒரு வீட்டைப் பிரித்தாலோ காசு கேட்டாலோ, இந்த அளவுகோலை எடுத்துப் பாருங்கள். தயங்க வேண்டாம். இணக்கம் என்று அங்கே இருப்பதைக் குறிப்பாகக் கவனியுங்கள். கடவுளிடமிருந்து ஞானம் பெற்றவர் மற்றவர் சொல்வதையும் கேட்கக்கூடியவராக இருப்பார்.

எங்கிருந்து வாசிக்கத் தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு: சங்கீதம் 139 முதலில். பிறகு நீதிமொழிகள் 8, யாக்கோபின் நிருபம் முழுவதும். அது ஐந்தே அதிகாரம், ஒரு மாலையில் முடியும். கத்தோலிக்கர்களுக்குச் சாலமோனின் ஞானம், சீராக் என்ற இரண்டு நூல்கள் கூடுதலாக உண்டு, அவற்றை விட்டுவிடாதீர்கள். யோபு 28 தனியாகவே வாசிக்கத் தக்க ஒரு கவிதை. ஞானத்தை எங்கே கண்டெடுக்கலாம் என்று சுரங்கத்தையும் ஆழத்தையும் கடலையும் கேட்டுப் போகிறது, என்னிடத்தில் இல்லை என்கிறது கடல்.

யோபு முழுவதையும் வாசிப்பதானால் 42:7ஐ முதலில் வாசித்துவிட்டுப் போங்கள். புது வருஷ ஆராதனையில் நாம் எடுக்கிற வாக்குத்தத்த அட்டைகளில் அடிக்கடி வருகிற ஒரு வசனம் இருக்கிறது: "உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்." யோபு 8:7. அதைப் பேசியது கடவுள் அல்ல, பில்தாத் என்கிற நண்பன். அதற்கு மூன்று வசனம் முன்னால்தான், உம்முடைய பிள்ளைகள் பாவம் செய்ததனால் கடவுள் அவர்களை ஒப்புக்கொடுத்தாரோ என்கிற பொருளில், தகப்பனின் முகத்துக்கு நேரே அவன் பேசியிருக்கிறான். அந்த அட்டை உங்கள் வீட்டில் இருந்தால் கிழித்துப்போட வேண்டாம், யோபுவின் முடிவு உண்மையாகவே நன்றாக இருந்தது. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எட்டாம் அதிகாரத்தை முதலாம் வசனத்திலிருந்து ஒருதரம் சத்தமாக வாசியுங்கள். வீட்டிலுள்ள பிள்ளைகளையும் கூட இருத்திக்கொள்ளுங்கள், அவர்கள் கேள்வி கேட்பார்கள்.